சாட்சித்தோல்

நெய்தல் குடியிருப்பில் சாப்பாட்டுக்கு முன்னால் யாரும் கை கழுவுவதில்லை. செவ்வாய்க் கிரகத்தில், தரைக்கு நூறு அடி கீழே, அதற்கெல்லாம் தண்ணீருக்கு எங்கே போவது? கழுவுவதற்குப் பதிலாகக் கையைக் காட்டுவார்கள். ஒவ்வொரு பொதுச் சாப்பாட்டுக்கூடத்தின் வாசலிலும் ஒரு மேசை கிடக்கும். வலது கையை மடக்கி, விரல் முட்டிகள் மேலே தெரியும்படி அதன்மேல் வைக்க வேண்டும். அப்படியொரு கூடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சம்பூரணம், தைலத்துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு, பூதக்கண்ணாடியால் நான்கு முட்டிகளையும் பார்ப்பாள். "வெள்ளை" என்றால் வெள்ளைத் தட்டு, எல்லாம் சாப்பிடலாம். "நீலம்" என்றால் இனிப்பு கிடையாது. "பச்சை" என்றால் கொழுப்பப்பம் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் நேராக மருத்துவமனைக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு கைகள். கறுப்பு வெல்வெட் ஒட்டினாற்போல் தடித்த முட்டி, மஞ்சள் கட்டி புடைத்த முட்டி, உப்புப் பூத்த சுவர்போல் வெள்ளையாக உதிரும் முட்டி. உதிர்ந்த செதில் மேசையில் விழும். அதைத் துடைத்த துணியை அவளே குச்சியால் எடுத்துக் கூடையில் போட வேண்டும். இருபத்தாறு வருடங்களாக இந்த வேலையைச் செய்தும் அவளுக்குக் குமட்டல் நிற்கவில்லை. வரிசையில் நிற்பவன் தன் முறை வருவதற்கு முன்பே அவள் முகம் சுருங்கிவிடும். "சீ, தள்ளி நில்லு" என்பதுதான் அவள் சொல்லும் காலை வணக்கம்.

அவள் அருவருப்படைவது தவறில்லை. அந்தத் தோல் அதற்காகவே செய்யப்பட்டது.

முதலில் வந்து குடியேறியவர்களின் விரலில் மோதிரக் கருவி இருந்தது. சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, ஈரல் இப்படி என்று அது நாளுக்குப் பத்துத் தடவை எண்ணாகச் சொன்னது. எண்ணைப் பார்த்துத் திருந்திய மனிதன் இதுவரை பிறந்ததில்லை. நாற்பது வருடத்தில் குடியிருப்பில் மூன்றில் ஒரு பங்கு பேர் அந்த எண்களோடேயே போய்ச் சேர்ந்தார்கள். அப்போதுதான் மருத்துவர்கள் பழைய பூமிப் புத்தகங்களைப் புரட்டினார்கள். அங்கேயும் விரல் முட்டித் தோல் பேசத்தான் செய்திருக்கிறது. உடம்பு சர்க்கரையைச் சமாளிக்க முடியாமல் திணறினால் முட்டி கறுத்துத் தடிக்கும். இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தால் மூட்டின்மேல் மஞ்சள் முடிச்சு எழும். தசையைத் தின்னும் ஒரு நோய் வந்தால் செவ்வூதாத் தடிப்பு வரும். ஆனால் பூமிக்காரர்கள் முட்டி கறுத்தால் களிம்பு வாங்கித் தடவினார்களே தவிர, ஏன் கறுத்தது என்று கேட்டவர்கள் குறைவு. கறுப்பு பெரிய அசிங்கமாகத் தெரியாததால் வந்த அலட்சியம் அது.

அதனால் நெய்தலின் மருத்துவர்கள் அலட்சியப்படுத்தவே முடியாத ஒரு தோலைத் தொட்டியில் வளர்த்தார்கள். சாவுக்குப் பயப்படாத மனிதன்கூட அசிங்கத்துக்குக் கூசுவான் என்பது அவர்கள் கணக்கு. ஐந்து வயதானதும் ஒவ்வொரு குழந்தைக்கும் வலக்கையின் நான்கு முட்டிகளிலும் அதை ஒட்டினார்கள். பெயர் சாட்சித்தோல். ஆள்காட்டி விரல் சர்க்கரைக்கு, நடுவிரல் இதயத்துக்கு, சுண்டுவிரல் சிறுநீரகத்துக்கு. மோதிர விரல் ஈரலுக்கு. அதுதான் இருப்பதிலேயே கேவலமானது. முதலில் பச்சைப் பாசி படரும். அப்புறம் கொப்புளம். மூன்றாவது நிலையின் பெயர் ஒழுகல். விளக்கம் வேண்டாம், அழுகிய முட்டை நாற்றத்தையும் அதில் சேர்த்தே வளர்த்திருந்தார்கள் என்பது போதும்.

தோல் நன்றாக வேலை செய்தது. இரத்தம் குத்திப் பார்க்கும் கருவிகளை உருக்கி ஆணி செய்துவிட்டார்கள். சாட்சி என்ன சொல்கிறதோ அதுவே நோய், அதுவே மருந்துச் சீட்டு. கையை மறைப்பது நெய்தலில் ஆபாசம். உடம்பில் வேறு எதை மூடாவிட்டாலும் பரவாயில்லை, முட்டியை மூடக் கூடாது.

இத்தனை கைகளைக் கடிந்துகொண்ட சம்பூரணம் தினமும் காலையில் ஒரே ஒரு கைக்கு மட்டும் கண்ணாடியைத் தூக்கியதில்லை. அது அவள் மகன் சென்னியப்பனின் கை.

சென்னியப்பனுக்கு முப்பத்துமூன்று வயது. காற்றுக்குழாய்ப் பராமரிப்பில் வேலை. ஏழு வயதில் காற்றடைப்புக் கதவில் கையைக் கொடுத்து மோதிர விரல் முட்டியைக் கிழித்துக்கொண்டான். பிறை வடிவத்தில் ஒரு தழும்பு. அதற்கு மருந்து போட்டவள் அவள்தான். அந்த முட்டியில் ஏழு மாதத்துக்கு முன்னால் பாசி படர்ந்தது. மகன் மேசையில் கையை வைத்த அந்தக் கணம் சம்பூரணம் குனிந்து துடைக்கும் துணியைத் தேடினாள். நிமிரும்போது, "வெள்ளை. ரெண்டு அப்பம் போடு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். மறுநாள் துணி தேடவில்லை, தும்மினாள். மூன்றாம் நாளிலிருந்து அவன் வந்தாலே வரிசையில் அடுத்த ஆளைத் திட்ட ஆரம்பித்துவிடுவாள்.

"ஏம்மா, இது நாறுதும்மா" என்றான் அவன் ஒரு நாள், வீட்டில்.

"குழாய்ச் சூடு கண்ணு. உடம்பு சூடானா அப்பிடித்தான். ரெண்டு நாள்ல அடங்கிரும்."

அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நானூறு பேர் கையைப் பார்க்கிறவள் இல்லையா?

அவள் பயம் வேறு. பச்சைத் தட்டு வாங்கியவன் பெயர் பதிவேட்டில் ஏறும். குணமாகி இரண்டு வருடம் ஆகும்வரை அவனுக்குக் கல்யாணப் பதிவு கிடையாது. அப்போது அவனுக்கு முப்பத்தாறு. குடியிருப்பில் கல்யாண வயதில் இருப்பதே பத்துப் பதினைந்து பெண்கள். அவளுக்கு ராத்தூக்கம் போனது ஈரலை நினைத்தல்ல.

ஒட்டுக்காரர் மாசிலாமணியிடம் போனாள். தீக்காயம் பட்ட தொழிலாளர்களுக்கு ஒட்டுப் போடுவதாக அவர் கதவில் எழுதியிருக்கும். உள்ளே நடந்தது தோல் மாற்று. சாட்சித்தோல் எல்லோருக்கும் ஒரே தொட்டியில் வளர்ந்தது, அதனால் யார் கையிலும் ஒட்டிக்கொள்ளும். ஒருவரின் நான்கு தோல் வில்லைகளை உரித்து இன்னொருவர் கையிலும், அவருடையதை இவர் கையிலும் வைத்து, ஓரத்தில் மயிரிழை அளவு பிசின் பூசுவார். பிசினில் கிராம்பு வாசம் அடிக்கும். நான்கு நாளில் ஓரக்கோடு மறைய ஆரம்பித்துவிடும்.

"ஆரோட தோலுங்க?" என்று கேட்டாள் சம்பூரணம்.

"அதைக் கேக்கப்படாதுங்க. நல்ல ஒடம்பு, அம்புட்டுத்தான். உங்க பையன் கையில ஏழு நாளைக்குப் பூவாட்டம் இருக்கும். அதுக்கப்பறம் உங்க பையனோட ஒடம்பு என்ன சொல்லுதோ அதைத்தான் அது காட்டும். உங்க பையனோட தோலு அந்த நல்ல ஒடம்புல பத்து நாள்ல ஆறிரும். ரெண்டு பேருக்கும் நட்டமில்ல."

கூலி தண்ணீர். தலைக்கு ஊற்றிக் குளிக்கும்படி இருபது வாளி. தோலைத் தருபவருக்கு அது போகும். சம்பூரணம் தன் பங்குத் தண்ணீரை மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தாள். அதாவது மற்றவர்களின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துகிறவள், மூன்று மாதம் குளிக்காமல் இருக்கத் துணிந்தாள். பெற்ற பாசம் என்று சொல்ல வேண்டும்.

தோல் மாற்றிய நாளிலிருந்து பத்தாம் நாளுக்கு, கல்யாணப் பேச்சில் இரு வீட்டாரும் கை பார்க்கும் சடங்கு ஏற்கனவே குறித்திருந்தது. ஏழு நாள்தான் தோல் தாங்கும் என்று தெரிந்ததும் அவள் பெண் வீட்டுக்குச் சொல்லியனுப்பி அதை நான்காம் நாளுக்கு இழுத்துவிட்டாள்.

பெண் பெயர் மழைச்செல்வி. நெய்தலில் யாரும் மழையைப் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயருக்கு மதிப்பு அதிகம். காளான் பண்ணையில் மேற்பார்வை. சம்பூரணம் நுழைந்ததும் முதலில் பார்த்தது அவள் கூந்தலை. நல்ல தண்ணீரில் அலசி, உலர்ந்து, முதுகு நிறைய விரிந்து கிடந்தது. இத்தனை தண்ணீர் இவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று பொறாமைப்பட்டாள். தன் தலை மூன்று நாளாக அரிப்பதை நினைத்துக்கொண்டாள்.

வெள்ளைத் துணி விரித்தார்கள். முதலில் மாப்பிள்ளை கை. சென்னியப்பன் கையை வைத்தான். நான்கு முட்டிகளும் பிறந்த குழந்தையின் குதிகால்போல் இருந்தன. பெண்ணின் அப்பா துரைசாமி குனிந்து பார்த்து, "தங்கமான ஒடம்புங்க" என்றார். சம்பூரணம் தன் மகனைத் தானே புதிதாகப் பெற்றெடுத்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பெண் தயங்கினாள். "அப்பா, இன்னொரு வாரம் போகட்டும்னு நாஞ் சொன்னேனே" என்றாள் மெதுவாக. பிறகு கையை வைத்தாள்.

முதலில் வந்தது நாற்றம். பிறகுதான் கண் பார்த்தது. மோதிர விரல் முட்டியில் பச்சைக் கொப்புளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நடுவில் ஒன்று உடைந்து, கசிந்தது காய்ந்து, ஓரத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. பொருக்கின் அடியில் இன்னும் ஈரம். சம்பூரணம் தைலத்துணியை எடுத்து மூக்கோடு வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டாள்.

"சீ! இந்தக் கையோடயா எங்களை வரச்சொன்னீங்க?"

துரைசாமி எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். மகளின் கையை அவரும் இந்த வாரம் பார்க்கவில்லை, பண்ணையிலேயே தங்கியிருந்தாள்.

சம்பூரணம் அத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருட அனுபவம் சும்மா இருக்குமா? பெண்ணின் மணிக்கட்டைத் துணியால் பிடித்துத் தூக்கி, எல்லோரும் பார்க்கும்படி இடுப்பிலிருந்த பூதக்கண்ணாடியை வைத்தாள்.

"பாத்துக்குங்க. இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. ஆறேழு மாசம் ஊறின ஈரலு. பாசி போயி, கொப்புளம் போயி, ஒழுகலுக்கு வந்துருச்சு. இந்த ஒடம்பு இன்னும் ஒரு வருசம் தாங்குனாப் பெருசு. இதை வச்சுட்டுப் பெத்தவங்க என்னதான் பண்ணீட்டிருந்தீங்க? கண்ணு அவிஞ்சு போச்சா? பெத்த மகளைச் சாகக் குடுத்துட்டு எங்களுக்குக் கட்டிவைக்கப் பாக்கறீங்களா?"

சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பொருக்கின் ஓரத்துக்கு நகர்த்தினாள். பச்சைக்கு நடுவே, முட்டியின் குறுக்கே, வெளிறிய பிறை ஒன்று தெரிந்தது.

அவள் கை நின்றுவிட்டது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறை அங்கேயேதான் இருந்தது. முட்டியைச் சுற்றி மயிரிழைக் கோடு. கிராம்பு வாசம்.

"இது எப்ப..." என்றாள்.

மழைச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "ஒட்டுக்காரர்கிட்ட மாத்துனதுங்க அத்தை. கல்யாணத்துக்குத் தலை அலசணும்னு ஆசை. பத்து நாள்ல ஆறிரும்னாரு. நீங்க முந்தி வந்துட்டீங்க. பயப்படாதீங்க, இது இப்பப் பாதி ஆறிடுச்சு. வாங்குனப்ப இதைவிட மோசமா இருந்துச்சுங்க. ஆரு பெத்த புள்ளையோ, பாவம்."

சம்பூரணம் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். சம்பந்தம் முறிந்தது என்று ஊர் பேசிக்கொண்டது.

அன்றைக்கே அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் வேலை போகும், தோல் மாற்றியதற்குத் தண்டனை வரும், இனி எவனும் பெண் தர மாட்டான். மூன்று நாள் அவள் விழுங்கிக்கொண்டே இருந்தாள். அப்பத்தை மட்டும் நிறுத்தினாள். மகன் ஏன் என்று கேட்டதற்கு மாவு சரியில்லை என்றாள். ஏழாம் நாள் காலை சென்னியப்பன் சாப்பாட்டுக்கூடத்திலேயே மஞ்சளாக வாந்தி எடுத்து, அதன்மேலேயே சரிந்தான். சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். சம்பூரணம் வெறுங்கையால் அவன் வாயைத் துடைத்து, தோளில் சாய்த்துக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தாள்.

வாசல் பணியாளர் பையனின் கையைத் திருப்பிப் பார்த்தார். "முட்டி சுத்தமா இருக்குதேம்மா."

"அது அவன் தோலில்லீங்க. மாத்துனது. உள்ள ஈரலு போயிட்டிருக்குது."

"தெனமும் பத்துப் பேரு இப்பிடித்தான் வர்றாங்க. படுக்கை கெடைச்சா தெனம் ஒரு வாளி தண்ணி கெடைக்குதில்ல? சாட்சி இல்லாம நான் எப்பிடிப் படுக்க வைக்கறது? மாத்துனதுன்னா அந்தப் பழைய தோலைக் கொண்டாந்து காட்டுங்க."

அவள் ஓடினாள். காளான் பண்ணையின் ஈர இருட்டில் கால் வழுக்க, மழைச்செல்வியின் முன்னால் போய் நின்றாள். போன தடவை துணியால் பிடித்த மணிக்கட்டை இந்தத் தடவை இரண்டு கையாலும் பற்றினாள்.

"அம்மிணி, அந்தக் கையைக் கொஞ்சம் காட்டு. அது என்ற மகன் தோலு. மருத்துவமனைக்கு ஒரு நடை வா. அந்தச் சீழை அவங்க பாக்கணும்."

மழைச்செல்வி அவளை நிமிர்ந்து பார்த்தாள். எல்லாம் புரிந்தது. கையை விரித்து மடக்கிக் காட்டினாள். நான்கு முட்டிகளும் பளிச்சென்று இருந்தன. மோதிர விரலில் பிறைத் தழும்பு மட்டும் மிச்சம்.

"நேத்தே ஆறிடுச்சுங்க அத்தை" என்றாள்.

அப்புறம் நடந்ததை நெய்தலில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. வீட்டில் படுக்கையில் கிடந்த மகனின் கையை மடியில் வைத்துக்கொண்டு சம்பூரணம் கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். மணிக்கொரு தரம் பார்த்தாள். தோல் ரோஜாவாகவே இருந்தது. மழைச்செல்வி அவ்வளவு ஆரோக்கியத்தை அதில் ஊட்டி வளர்த்திருந்தாள். ஏழு நாள் என்று மாசிலாமணி சொன்ன கெடு தாண்டியும் அது பொய் சொல்லிக்கொண்டிருந்தது. சம்பூரணம் அந்த அழகான முட்டியைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். வாழ்க்கையிலேயே அவளுக்கு இவ்வளவு அருவருப்பைத் தந்த கை வேறில்லை. "வா, வா, வெளிய வா" என்று கெஞ்சினாள். மகனின் கண் வெள்ளை மஞ்சளானது, வயிறு ஊதியது, கை மட்டும் மினுமினுத்தது.

பதினோராம் நாள் மோதிர விரல் முட்டியில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. மாலைக்குள் கொப்புளமாயிற்று, நாறியது. சம்பூரணம் தைலத்துணியைத் தேடவில்லை. அந்தக் கையைத் தூக்கி, கொப்புளத்தின்மேலேயே முத்தமிட்டாள்.

இந்தத் தடவை படுக்கை உடனே கிடைத்தது. பெரிய மருத்துவர் அம்மாள் சென்னியப்பனின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"கொப்புளம் புதுசா இருக்கு, ஈரல் பழசா இருக்கே. எத்தனை மாசமாம்மா?"

"ஏழுங்க."

"ஏழு மாசம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையில போயிருக்கும். இப்பப் பாதிதான் மிச்சம். அதை வச்சு வளர்த்துப் பாக்கலாம். பொழைக்கறதும் பொழைக்காததும் அதும்பாடு." மருத்துவருக்குக் கோபம் வந்துவிட்டது. பதிவேட்டைத் திறந்து எழுதுகோலை எடுத்தார். "எந்தச் சாப்பாட்டுக்கூடம்? வாசல்ல உக்காந்திருக்கற அந்தக் குருடி ஆரு? பேரைச் சொல்லுங்க. அவளை முதல்ல வேலையை விட்டுத் தூக்கணும்."

சம்பூரணம் இடுப்பிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சம்பூரணம்ங்க. நாந்தான் அந்தக் குருடி."

மருத்துவரின் எழுதுகோல் நின்றது. அவர் கை பதிவேட்டின்மேல், சம்பூரணத்தின் மூக்குக்கு நேராக இருந்தது. நான்கு முட்டிகளும் அப்பழுக்கில்லாத ரோஜா நிறம். சுற்றிலும் மயிரிழை அளவில் ஒரு கோடு, இரண்டு நாள் பழசுகூட இருக்காது. லேசாகக் கிராம்பு வாசம் வந்தது.

அவள் பார்வை போன இடத்தை மருத்துவர் கவனித்துவிட்டார். இடது கை தானாக வந்து வலது கையை மூடிக்கொண்டது.

சம்பூரணம் மேசையில் வைத்த கண்ணாடியைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

"என்ற பேரை அப்பறம் எழுதலாம் தாயி. அந்தக் கையைக் கொஞ்சம் இப்பிடிக் காட்டு."